நாடா இல்லாத மயில் தோகை

திருவண்ணாமலையில், தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் மாறுவேடக் கடை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு உடைகளை வாடகைக்குக் கொடுப்போம். பாரத மாதா, முருகர், சிங்கம், தக்காளி, எது கேட்டாலும் உண்டு. பத்தாவது வரை படித்துவிட்டுத் தையல் கற்றுக்கொண்டு இங்கே வந்தவள் நான். தையல் மெஷின் கடையின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துவிட்டால் யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடும்பம் பல தலைமுறையாக இந்த ஊரில் சரிகை, ரிப்பன், பட்டன் என்று வியாபாரம் செய்தது. மாறுவேட உடை இவர் காலத்தில் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி. கடை முழுக்க நிறங்கள், நடுவில் இவர் மட்டும் வெள்ளையாக உட்கார்ந்திருப்பார். ஒரு கிரீடத்தைக்கூட அவர் தன் தலையில் வைத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

எங்கள் கடையில் பொருள்களை வேஷப்படிதான் அடுக்குவோம். மயில் தட்டு, சிங்கத் தட்டு, தேவதைத் தட்டு. மயிலுக்கு உரிய கொண்டை, தோகை, கால் சலங்கை எல்லாம் ஒரே தட்டில். ஒரு பொருள் துணியா, பிளாஸ்டிக்கா, கம்பியா என்று நாங்கள் யோசித்ததே இல்லை. யார் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

தோகையும் இறக்கையும் சீனாவிலிருந்து வருகின்றன. முன்பு சென்னை மொத்தக் கடைகளில் வாங்கினோம். பிறகு பாய் நேராகவே வரவழைக்கத் தொடங்கினார். சின்ன வியாபாரியால் ஒரு கன்டெய்னரை நிரப்ப முடியாது என்பதால் எங்கள் பெட்டிகள் பல பேருடைய சரக்கோடு சேர்ந்து வரும்.

அப்படி வரும் தோகையில் எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நாடா இல்லாமல் அனுப்பச் சொல்வோம். காரணம், ஒரு வருடம் சாட்டின் நாடா வைத்த தோகைகள் வந்தன. சாட்டின் வழுக்கும், முடிச்சு நிற்காது. பாட்டு நடுவில் ஒரு மயிலின் தோகை மேடையிலேயே கழன்று விழுந்தது. குழந்தை அழுதுகொண்டே தோகையைக் கையில் தூக்கிக்கொண்டு ஆடி முடித்தது. அடுத்த வருடம் எலாஸ்டிக் கேட்டோம். அது ஒல்லிப் பிள்ளைக்கு நழுவியது, குண்டுப் பிள்ளைக்கு இறுக்கியது. அதற்குப் பிறகு பாய் சொல்லிவிட்டார், மேல் ஓரத்தில் மடிப்பு மட்டும் தைத்து அனுப்பட்டும், நாடாவை நாமே கோத்துக்கொள்வோம் என்று. பாவாடைக்குப் போடும் அதே பருத்தி நாடா. ஊக்கில் மாட்டி, மடிப்புக்குள் விட்டு, மறுபக்கம் இழுப்பது என் வேலை. எந்த இடுப்புக்கும் பொருந்தும், முடிச்சு போட்டால் போட்டதுதான்.

சென்ற ஆண்டு விழாப் பருவத்தில், அந்த நாடா இல்லாததால்தான் எங்கள் பெட்டிகள் சென்னையில் நின்றன.

சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் போன் செய்தார். பாய் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், அதனால் நானும் கேட்டேன்.

"பாய், தோகைய கஸ்டம்ஸ்ல நிறுத்திட்டாங்க. நாம துணியில செஞ்ச உடை அயிட்டம்னு போட்டிருக்கோம் இல்லீங்களா. இத எப்டி உடுத்துவாங்கன்னு கேக்கறாங்க. கட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல, சுவத்துல மாட்டற அலங்காரம் மாதிரி கீதுன்றாங்க."

"அலங்காரமா இருந்தா இன்னாப்பா?"

"அது வேற தலைப்பு பாய். விழாக் கொண்டாட்டப் பொருள்னு தனியா கீது. அதுல போட்டுக்கறோம்னு ஒத்துக்கோங்க. கட்டிட்டு எடுத்துனு போயிடலாம்."

"ஒத்துக்கிட்டா, நான் மொதல்ல சொன்னது பொய்யின்னு ஆவுமா?"

"ரிக்கார்டுல தப்பான விவரம் குடுத்தாருன்னு வந்தாலும் வரும். ஆனா யாரு பாய் அத பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன் இல்ல," என்றார் பாய்.

எந்தத் தலைப்பில் வரி ஜாஸ்தி, எதில் கம்மி என்று அப்போது பேச்சு வந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. அவருக்கு ஒரே விஷயம்தான். கடைப் பெயரில் பொய் சொன்னான் என்று ஓர் எழுத்து ஏறக் கூடாது. இன்னொரு பக்கம், அடி அண்ணாமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மயில் நடனம் ஒப்புக்கொண்டிருந்தோம். தகராறு செய்தால் நாள் போகும். ஒத்துக்கொண்டால் பெட்டி வரும். பாய் போனை வைத்தார். பிறகு பின்பக்கம் வந்து என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு மெட்ராஸ் போறோம்மா. நாடா உருண்டைய எடுத்துக்க. வீட்லயும் வராங்க, உனக்குத் துணையா இருக்கும்."

மறுநாள் பாயே காரை ஓட்டினார். அவர் வீட்டம்மாவும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். அவர்களை நான் அக்கா என்பேன். வழி முழுக்க அக்கா எங்களுக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார்கள். என் சுருக்குப் பையில் நாடா, ஊக்கு, கத்தரிக்கோல். பயத்தில் நான் முறுக்கைக் கையிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் பெட்டிகள் நின்ற சரக்கு நிலையம் மணலிப் பக்கம். வாசலில் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஏஜென்ட் காத்திருந்தார். இரண்டு கையிலும் இரண்டு போன். அதிகாரி வரும் வரை அவர்தான் எனக்கு விஷயத்தை விளக்கினார். நான் கேட்கவில்லை, அவருக்குச் சும்மா நிற்க முடியவில்லை.

உலகத்தில் கப்பலேறி வரக்கூடிய எல்லாப் பொருளுக்கும் ஒரே புத்தகத்தில் இடம் இருக்கிறதாம். தொடக்கத்தில் குதிரை, மாடு போன்ற உயிருள்ள விலங்குகள். கடைசியில் ஓவியம், சிலை, பழம்பொருள். நடுவில் உப்பு, தோல், துணி, செருப்பு, மணி, பொம்மை, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எண். இது இல்லை, அதில் சேராது என்று குறிப்புகள். மாறுவேடப் பொருள்களிலேயே முகமூடி ஒரு பக்கம் போகும், துணியால் தைத்த வேஷ உடை வேறு பக்கம் போகும் என்றார். துணிப் பூவுக்குக்கூடத் தனியிடம் உண்டாம்.

எனக்கு மனத்துக்குள் பெரிய வியப்பு. எங்கள் கடைத் தட்டுகளை ஒழுங்காக வைப்பதற்கே நாங்கள் திணறுகிறோம். உலகத்துக் கடை முழுவதையும் யாரோ உட்கார்ந்து அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் மயில் தோகைக்கும் அதில் ஓர் இடம் யோசித்து வைத்திருக்கிறார்கள். எந்த இடம் என்பதில்தான் பிரச்சினை.

"முடிவு பண்ற ஆபீசர் எந்த ஊர்ல கீறாருன்னே நமக்குத் தெரியாது," என்றார் ஏஜென்ட். "எல்லாம் கம்ப்யூட்டர்ல. இங்க இருக்கற மேடம் பாத்து எழுதறதையும் போட்டோவையும் வெச்சித்தான் அவரு சொல்லுவாரு. அதனால மேடம் எழுதறதுதான் நமக்கு எல்லாம். பாய், நீங்க ஜாஸ்தி பேசாதீங்க. நான் பேசிக்கறேன்."

அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். சாதாரணப் பருத்திப் புடவை, காலில் ஷூ. ஏஜென்ட் உடனே பேசத் தொடங்கினார். அதிகாரி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒரு தோகையை எடுத்தார்.

தோகையைப் பார்க்கிற எல்லோரும் அதன் கண்களைத்தான் பார்ப்பார்கள். நீலமும் பச்சையுமாக அச்சிட்ட கண்கள், ஓரத்தில் ஜிகினா. அழகு அங்கேதான் இருக்கிறது. அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோகையைத் திருப்பினார். மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். மடிப்பு தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. இரண்டு விரலை உள்ளே விட்டார்.

ஏஜென்ட் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"இருங்க," என்றார் அதிகாரி. "இந்த மடிப்பு எதுக்கு?"

"நாடா போறதுக்கும்மா," என்றார் பாய்.

"நாடா எங்க?"

"எங்க ஊர்ல."

ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். பாய் பொறுமையாகச் சொன்னார். சாட்டின் வழுக்கியது, மேடையில் தோகை விழுந்தது, எலாஸ்டிக் இறுக்கியது, எல்லாவற்றையும். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். தோகையைக் கையில் தூக்கிக்கொண்டு ஆடிய குழந்தையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையை நிமிர்த்தி, "முழுசா ஆடிச்சா?" என்று கேட்டார்.

"ஆடிச்சும்மா. பிரைஸ் கூட குடுத்தாங்க."

"சரி. நாடா கொண்டு வந்திருக்கீங்களா? கோத்துக் காட்டுங்க."

என் முறை வந்தது. கத்தரிக்கோல் வாசலில் இருந்ததால் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஊக்கில் மாட்டி மடிப்புக்குள் விட்டதும் பயம் மறந்துபோனது. தினமும் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. மறுமுனையில் ஊக்கை வெளியே இழுத்தபோது அதிகாரி லேசாகத் தலையசைத்தார். அவரும் எத்தனையோ பாவாடைக்கு இப்படி நாடா கோத்தவராகத்தான் இருப்பார்.

"இப்ப கட்டிக் காட்டுங்க. எப்டி நிக்குதுன்னு பாக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏஜென்ட், பெட்டி இறக்குபவர்கள், தூரத்தில் தூக்கு வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த ஓட்டுநர். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நில் என்றாலே தூணுக்குப் பின்னால் போகிறவள் நான். அத்தனை ஆண்கள் நடுவில் மயில் தோகையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்னால் ஆகாது. ஆகாது என்று சொல்லவும் ஆகாது. தோகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இப்டி குடும்மா," என்றார் பாய்.

வாங்கினார். வெள்ளை வேட்டிக்கு மேல் வைத்து, நாடாவின் இரண்டு முனையையும் முன்னால் கொண்டுவந்து, நிதானமாக முடிச்சுப் போட்டார். தொழுகைக்கு நிற்பதற்கு முன் சட்டையைச் சரிசெய்வது போலத் தோகையின் மடிப்புகளைச் சரிசெய்தார். பிறகு திரும்பி நின்றார். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தரையைத் தொடும் தோகை அவருக்கு முழங்காலோடு நின்றது. வெள்ளைத் தாடி முன்னால், நீலப் பச்சைக் கண்கள் பின்னால்.

பெட்டி இறக்குபவர்களில் ஒருவர் சிரித்தார். "பாய், ஒரு ஆட்டம் போடுங்க."

"தோகை தான்ப்பா புதுசு. மயிலுக்கு வயசாயிடுச்சி," என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியைத் தவிர. சிரிக்கக் கூடாது என்று அவர் அடக்கியதாகத் தெரியவில்லை. அவர் வேலையில் இருந்தார். பாய்க்குப் பின்னால் போய்க் குனிந்து தோகையை மெல்ல இழுத்துப் பார்த்தார். "கொஞ்சம் நடங்க ஐயா" என்றார். பாய் பெட்டிகளுக்கு நடுவே நடந்து திரும்பி வந்தார். தோகை அசைந்தது, முடிச்சு நகரவில்லை. அதிகாரி போனை எடுத்தார்.

"முகம் வேணாம்மா," என்றார் பாய்.

"முகம் வராதுங்க ஐயா. இடுப்புக்குக் கீழ மட்டும்தான்."

அதோடு விடவில்லை. நாடா கோக்காத இன்னொரு தோகையை எடுத்துப் பக்கத்திலிருந்த தூணில் வைத்துப் பிடித்தார். ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை மடங்கித் தொங்கியது. நடுவில் பிடித்தால் இரண்டு பக்கமும் சரிந்தது. சுவரில் மாட்டிப் பார்க்கிற பொருளா என்று தானே சோதித்தார். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சரிந்த தோகையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். இப்படி ஒரு பொருளை அதன் பக்கம் நின்றும் எதிர்ப்பக்கம் நின்றும் பார்க்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"முடிக்காத பொருளா இருந்தாலும் முடிச்ச பொருளோட குணம் அதுல தெரிஞ்சா, முடிச்ச பொருளாத்தான் எடுத்துக்கணும்," என்றார் ஏஜென்டிடம். "நீங்க இத ஒரு வரி எழுதியிருந்தா போதுமே. நாடா இந்தியாவுல போடுவாங்கன்னு."

ஏஜென்ட் என் கையிலிருந்த நாடா உருண்டையைப் பார்த்தார். "எனக்கே இன்னிக்குத்தான் மேடம் தெரியும்."

அடுத்த பெட்டி தேவதை இறக்கை. கம்பி வளைத்து, அதன் மேல் வலைத்துணி ஒட்டி, பின்னால் கை நுழைக்க இரண்டு வளையம். இதையும் உடை அயிட்டம் என்றுதான் போட்டிருந்தோம். வளையம் இருப்பதால் இதில் பிரச்சினை வராது என்று ஏஜென்ட் நினைத்திருந்தார். அதிகாரி வளையத்தைப் பார்த்தார், கம்பியைத் தொட்டார், பாயிடம் திரும்பினார்.

"இத மாட்டிக்க மட்டும்தான் வாங்கறாங்களா?"

ஏஜென்ட் பாயைப் பார்த்துத் தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினார். ஆமாம் என்று சொல்லச் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

"இல்லம்மா," என்றார் பாய். "பசங்க மாட்டிக்கறாங்க. ஆனா செங்கம் ரோட்டுல வெளிநாட்டுக்காரங்களுக்குக் காபி கடை வெச்சிருக்கறவங்க சுவத்துல மாட்டறதுக்கு வாங்கினு போறாங்க. ஒருத்தங்க லைட்டு கூட சுத்தி வெச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்குது."

ஏஜென்ட் இரண்டு போனையும் ஒரே கைக்கு மாற்றி, மறு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

தோகை இன்னும் பாய் இடுப்பில் இருந்தது. கழற்ற மறந்துவிட்டார், யாரும் சொல்லவும் இல்லை.

"தோகைய கழட்டிக்கோங்க ஐயா," என்று மட்டும் சொல்லிவிட்டு அதிகாரி எழுத உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் ஏஜென்ட் புலம்பினார். "பாய், அந்தக் காபி கடை கதைய மட்டும் சொல்லாம இருந்திருந்தா ரெண்டும் நாம சொன்ன எடத்துலயே நின்னிருக்கும்."

"கேட்டாங்களேப்பா," என்றார் பாய்.

காரில் காத்திருந்த அக்காவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது அக்காவுக்கே ஆச்சரியம். கேட்டு முடித்துவிட்டு முன் இருக்கையைப் பார்த்துச் சொன்னார்கள்:

"கல்யாணம் ஆனதிலேர்ந்து எனக்காக ஒரு ரோஜாப்பூ சட்டையில குத்திக்கினதில்ல. ஆபீசரம்மா கேட்டதும் தோகையே கட்டிக்கினாராம்."

"நீ என் சரக்க நிறுத்தி வெச்சிக் கேக்கலியே," என்றார் பாய். செஞ்சி வரும் வரை அக்கா விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

முடிவு வந்ததும் ஏஜென்ட் போனில் படித்துக் காட்டினார். தோகை, நாங்கள் சொன்ன இடத்திலேயே நின்றது. இறக்கை மட்டும் விழாக் கொண்டாட்டப் பொருளுக்கு மாறியது. பாய்க்கு அதில் வருத்தமில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "பொய்யின்னு போட்டிருக்குதா?" இல்லை. பொருள்களைப் பற்றிச் சொன்ன விவரம் சரியாக இருந்தது, இறக்கையின் தலைப்பு மட்டும் மாற்றப்படுகிறது என்றுதான் இருந்தது. பொருள் என்னவென்று உண்மையாகச் சொல்வது ஒன்று, அது எந்தத் தட்டில் போகும் என்பதில் கருத்து மாறுவது வேறு. அந்த இரண்டையும் மணலியில் பார்த்த அதிகாரி கலக்காமல் எழுதி அனுப்பியதால்தான் முடிவும் அப்படி வந்தது. பாய் அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு டீ வரவழைத்தார்.

"விரல உள்ள விட்டுப் பாத்தாங்க பாரு," என்றார் என்னிடம். "நான் எத்தனையோ பேருகிட்ட தோகைய காட்டியிருக்கேன். ஒருத்தரும் மடிப்ப பாத்ததில்ல."

அன்றைக்கே தேவதைத் தட்டிலிருந்த இறக்கைகளில் பாதியை எடுத்துத் தோரணங்கள் இருக்கும் பக்கம் தொங்கவிடச் சொன்னார். இப்போது காபி கடைக்காரர்கள் அங்கேயே வந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

அடி அண்ணாமலைப் பள்ளியின் மயில்களுக்கு நானே போய் நாடா கட்டிவிட்டேன். கிரிவலப் பாதையில் ஆள்கள் நின்று பார்க்கும் அளவுக்குப் பாட்டுச் சத்தம். மேடைக்குப் பின்னால் ஒரு மயில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அவுந்துடாதே ஆன்ட்டி?" என்று கேட்டது. முடிச்சை இழுத்துக் காட்டினேன். ஒரு தோகையும் கழலவில்லை.

அடுத்த ஆர்டரின்போது, தோகை தைத்து அனுப்பும் சீனாக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். இவ்வளவு தொந்தரவு எதற்கு, எலாஸ்டிக் வைத்தே அனுப்பிவிடட்டுமா என்று. பாய் வேண்டாம் என்றுவிட்டார். பதிலாக எங்கள் பருத்தி நாடாவில் ஒரு கட்டு அங்கே அனுப்பினார். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே இருக்கும் ஒரு தோகைக்கு மட்டும் அதைக் கோத்து வைக்க வேண்டும், திறக்கிற அதிகாரிக்குப் பார்த்ததும் புரிய வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ஊர் நாடா அவ்வளவு தூரம் கப்பலில் போய், தோகைக்குள் ஏறித் திரும்பி வருகிறது.

முதல் பெட்டியைக் கடையில் பிரித்தபோது அக்காவும் இருந்தார்கள். மேலே இருந்த தோகையில் நாடா சரியாகக் கோத்திருந்தது. அங்கே என்னைப் போல ஒருத்தி ஊக்கு வைத்துத்தான் கோத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பாய் அதைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"இனிமே என்னைய யாரும் கட்டிக்கச் சொல்ல மாட்டாங்க," என்றார்.

"அதான் கஸ்டம்ஸ்ல உங்க படம் இருக்குதே," என்றார்கள் அக்கா. "இடுப்புக்குக் கீழ."